காயலான் கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்

அர்பானா, இல்லினாய்
ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

 

அப்பாவுடைய சட்டிக்கலப்பையை எடைக்குப் போடப் பேசி முடித்துவிட்டாய், வாரக் கடைசியில் வண்டி வருகிறது என்று அம்மா சொன்னாள். போனில் இதைப் பேசினால் நான் அழுவேன், உனக்குக் கோபம் வரும், காரியம் கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் அதற்குள் வண்டி வந்து போய்விடும் என்பதால் தாள்களைப் படமெடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படி.

அப்பா ஞாபகமாக அதை வைத்துக்கொள் என்று கேட்கவில்லை. அப்பாவை நினைக்க நமக்கு இரும்பு வேண்டியதில்லை. அந்தக் கலப்பை இன்னும் உழைக்கும் என்று நான் நம்புகிறேன். அதைச் சோதித்துப் பார்க்கும் வழியையும் சொல்கிறேன். சோதித்த பிறகும் தேறாது என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகக் கொடுத்துவிடு, அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க நானும் ஒரு சட்டிக் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுடையதோடு பார்த்தால் மிகச் சின்னது. 11 அங்குலச் சட்டிகள், பக்கத்துக்கு நாலாக மொத்தம் எட்டு. தோட்ட டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, உழுத கட்டியை உடைத்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதற்கானது. எங்களுக்கு அந்த மஞ்சள் டிராக்டரைக் கொடுத்த பெரியவர், பண்ணையைக் காலி செய்தபோது, கொட்டகைக்குப் பின்னால் முசுக்கட்டை மரத்தடியில் கிடந்த இதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாதிச் சட்டி மண்ணுக்குள் புதைந்திருந்தது. அச்சைச் சுற்றிப் புல்வேர் பின்னிக் கிடந்தது. தூக்கி நிறுத்திச் சுழற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

டிராக்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். கப் கடெட் 100. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1963 முதல் 1965 வரை செய்தது. கோலர் எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர், 10 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு பெல்ட் கிடையாது, நேராகத் தண்டு போகிறது. அதனால்தான் அவ்வளவு சின்ன உடம்பு கலப்பையை இழுக்கிறது. இப்போது கடையில் விற்கிற புல்வெட்டும் வண்டிகளில் சட்டியை மாட்டி மண்ணில் இறக்கினால் அன்றைக்கே கியர் பெட்டி போய்விடும். அந்தக் காலத்தில் இங்கே ஊருக்கு வெளியே புது வீடு கட்டிப் போனவர்களுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று நிலம் இருந்தது. பெரிய டிராக்டர் அதற்கு அதிகம், மண்வெட்டி போதாது. நடுவில் இருந்த அந்த இடத்தைப் பிடிக்கத்தான் எல்லாக் கம்பெனியும் வந்தன. இந்தியானாவில் சவுத் பெண்ட் ஊரில் 1946-ல் வீல் ஹார்ஸ் தொடங்கியது. 1961-ல் இன்டர்நேஷனல் கப் கடெட்டோடு வந்தது. 1963-ல் ஜான் டியர்கூட 110 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வண்டி யாருடையதானாலும், பின்னால் மாட்டும் கலப்பை, சட்டி, கொத்துகளில் பல கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துப் பிரின்லி-ஹார்டி கம்பெனியிலிருந்து வந்தவை. 1839-லிருந்து கலப்பை செய்கிற வம்சம் அது. கப் கடெட் வண்டியும் அதே லூயிவில் நகரத்தில், இன்டர்நேஷனலின் தொழிற்சாலையில்தான் உருவானது.

என்னுடைய சட்டியை யார் செய்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் துளைதான் மிச்சம். ஆனால் மாட்டும் முறை பிரின்லி பிரபலமாக்கிய ஸ்லீவ் ஹிட்ச் முறை. நம் மாசே பெர்குசன் டிராக்டரில் மூன்று இடத்தில் மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்குவாயே, இதில் ஒரே ஒரு முளைதான். முளையைச் செருகி, சீட்டுக்குப் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் கருவி தூக்கிக்கொள்ளும்.

இனி பிரித்த கதை. இந்தச் சட்டிகள் அப்பாவுடையது போலத் தனித்தனியாக நிற்பவை இல்லை. ஒரு பக்கத்து நாலு சட்டியும் ஒரே சதுர அச்சில் கோத்திருக்கும். இரண்டு சட்டிக்கு நடுவே வார்ப்பிரும்பு இடைக்கட்டை. முனையில் ஒரு பெரிய நட்டு எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். முதலில் கழற்ற வேண்டியது அந்த நட்டைத்தான். மழையிலும் பனியிலும் கிடந்து, நட்டும் மரையும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. நீளக் குழாய் மாட்டி நெம்பினால் கழன்றிருக்கும் என்று நீ நினைப்பாய். கழலாது தம்பி, அச்சு முறுக்கிக்கொண்டு மரை அறுந்துவிடும். பழைய இரும்பில் பலத்தைக் கடைசியாகத்தான் காட்ட வேண்டும்.

கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினேன், அச்சில் படாமல். நட்டு விரிந்து கொடுக்கிற அந்த நேரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தேன். மெழுகு உருகி, புகைந்து, மரைக்குள்ளே தானாக இழுத்துக்கொண்டு போனது. கண்ணால் பார்த்தேன். வெளியே பளபளத்த மெழுகு சட்டென்று காணாமல் போய் நூல் அகலத்துக்கு ஈரக்கோடு மட்டும் நின்றது. ஆறவிட்டு மறுபடி சூடு, மறுபடி மெழுகு. பிறகு ஸ்பானரைப் போட்டு, கழற்றும் பக்கம் கொஞ்சம், இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினேன். ஒரு கீச்சுச் சத்தம். அதற்குப் பிறகு கையாலேயே சுழன்று வந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். நட்டைக் கையில் வாங்கி, நல்ல நட்டு என்றார்.

சூடு வைக்கும்போது ஒன்று மட்டும் கவனம். சட்டியில் சூடு ஏறவிடக் கூடாது. தணல் காட்டிப் பதம் ஏற்றிய உருக்கு அது. கிரைண்டர் பிடித்தாலும் இதே கதைதான். ஓரம் நீலமாக மாறுகிறதென்றால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு சீக்கிரம் தேயும்.

உள்ளே பார்த்தபோதுதான் சுவாரசியம். தேய்மானம் எல்லாம் ஒரே பக்கம்! இரண்டு வரிசையிலும் நடுப்பக்கத்து வாஷர்கள் காகிதமாகத் தேய்ந்திருந்தன, வெளிப்பக்கத்து வாஷர்கள் புத்தம் புதிதாக இருந்தன. கொஞ்ச நேரம் யோசித்தபின் புரிந்தது. இந்தக் கருவியில் சட்டியின் குழிந்த பக்கம் வெளியே பார்க்கும். இழுக்கும்போது வரிசையின் வெளிமுனை முன்னே போகும், உள்முனை பின்னே வரும். குழிக்குள் மோதும் மண் வெளியே புரண்டு விழும், சட்டியை உள்ளே தள்ளும். வலது வரிசை இடப்பக்கமும் இடது வரிசை வலப்பக்கமும் தள்ளுவதால் வண்டிக்குப் பக்கவாட்டு இழுப்பு இல்லை. ஆனால் அந்த மொத்தத் தள்ளலையும் நடுவில் இருக்கும் அந்த வாஷர்களே வாங்கிக்கொள்கின்றன. எத்தனை வருஷம் உழுதிருந்தால் இரும்பு இப்படித் தேயும் என்று நினைத்துப் பார்த்தேன்.

தேய்ந்த வாஷரோடு சேர்த்து அந்தப் பெரியவரோ அவருக்கு முந்தியவரோ ஒரு தகட்டை வெட்டிப் போட்டிருந்தார். கத்தரியால் வெட்டிய வட்டம், ஓரம் கொஞ்சம் கோணல். துடைத்தால் புடைப்பாக ஒரு 7 தெரிந்தது. பழைய கார் எண்பலகையை வெட்டியிருக்கிறார். சீல் கிடைக்காத வருஷம் அப்பா பிய்ந்த செருப்பின் தோலை வட்டமாக வெட்டிக் கலப்பைக் குடத்துக்குள் போட்டாரே, அது உனக்கு நினைவிருக்கும். விதைப்புக்கு முன்னால் கருவி ஓட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதர்களுக்கு. அந்தத் தகடு இனித் தாங்காது. கெட்டியான புது வாஷர் வாங்கிப் போட்டுவிட்டேன். தகட்டைத் துடைத்து எண்ணெய் தடவி ஸ்பானர் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

புஷ்களும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. இங்கே ஒரு சின்ன லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினேன். நம் ஊர் லேத்தில் இதே வேலையை இன்னும் சீக்கிரமாகவே முடித்துக் கொடுப்பார்கள். கிரீஸ் போகிற துளை அடைத்திருந்தது, அதைக் கம்பி விட்டுக் குடைந்து திறந்தேன். பேரிங்கில் வருகிற பாதித் தொல்லை கிரீஸ் போகாததால்தான் என்பது என் அபிப்பிராயம்.

சட்டிகளில் ஒன்று மட்டும் தேறவில்லை. அதைக் கண்டுபிடித்த விதம் உனக்கு உபயோகப்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அச்சு சதுரம், சட்டியின் துளையும் சதுரம். நட்டு தளர்ந்து ஓடினால் சட்டி அச்சின் மேல் ஆடி ஆடிச் சதுர மூலைகள் உருண்டு போகும், சில சமயம் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாது. சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினால், நல்ல சட்டி கணீரென்று நீளமாக ஒலிக்கும், விரிசல் கண்டது பொத்தென்று நிற்கும். சந்தேகம் வந்தால் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடு. கிடைக்காவிட்டால் டீசல் போதும். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திரு. விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் பொடியில் ஊறி வெளியே வரும். எனக்கு ஒரு மூலையிலிருந்து விரல்நுனி நீளத்துக்கு முடியிழை போல ஒரு கோடு வந்தது. அதை வெல்டிங் வைத்து ஒட்டலாமா என்று கேட்பாய். வேண்டாம். கரிச்சத்து மிகுந்த உருக்கு அது, வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஓடும்போது துண்டு தெறித்தால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு சட்டியை மட்டும் புதிதாக வாங்கினேன்.

மீதி ஏழுக்கும் துரு எடுத்தது கரண்ட் வைத்து. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாளிக்கு ஒரு கரண்டி கணக்கில் சலவை சோடா கரைத்தேன். சட்டியைக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட்டேன். சுற்றிலும் வேண்டாத கட்டுமானக் கம்பிகள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் சட்டிக்கு, பிளஸ் கம்பிகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் சட்டிதான் கரையும், அதனால் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச். கொஞ்ச நேரத்தில் சட்டியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். அது ஹைட்ரஜன், நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனால் கொட்டகைக்குள் செய்யாமல் வெட்டவெளியில் செய்தேன், தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கரண்டை நிறுத்தினேன். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதையும் போட்டுவிடாதே, அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். நாகம் பூசிய தகடும் ஆகாது. ஒரு ராத்திரி விட்டு எடுத்தால் செந்துரு போய்க் கறுப்புப் பிசுக்காக இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீழே சாம்பல் நிற உருக்கு. உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், அசந்தால் அரைமணி நேரத்தில் மறுபடி மஞ்சள் பூக்கும்.

ஆனால் அப்பாவின் சட்டிக்கு இந்தத் தொட்டி வேலையெல்லாம் வேண்டாம். 26 அங்குலத்துக்குத் தொட்டி எங்கே போவாய்? கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிப் பொருக்கை மட்டும் உதிர்த்துவிட்டு, ஓடைக்கரைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் நாலு சால் ஓட்டு. மணலே தீட்டிவிடும். கரிசலுக்குள் இறங்குவதற்கு முன்னால் அது பளபளப்பாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். துருவின் குழிகளில் கரிசல் எப்படி அப்பிக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த இல்லினாய் மண்ணும் அப்படிப்பட்டதுதான், கறுப்பு, ஈரம் பட்டால் பசை. கிழக்கே இருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் அப்பி, நடக்க நடக்க நிறுத்திச் சுரண்டிக்கொண்டே உழுதார்கள். 1837-ல் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர் ஒடிந்த ரம்பத்தின் உருக்கிலிருந்து வழவழப்பான கலப்பை செய்தார், மண் தானாக வழுக்கி விழுந்தது. நீ பார்க்கிற அந்தப் பச்சை டிராக்டர்களின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பளபளப்பு அழகுக்கில்லை, உழவுக்கு. சீசன் முடிந்ததும் சட்டியில் பழைய ஆயிலைத் தடவி வை என்று அப்பா கத்துவாரே, அதற்கும் இதுவே காரணம்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லத் தோன்றுகிறது. இங்கே பல்கலைக்கழகத்துக்கு நடுவில் ஒரு சோளக்கொல்லை இருக்கிறது, மக்காச்சோளம். மாரோ பிளாட்ஸ் என்பார்கள். 1876-லிருந்து தொடர்ந்து பயிர் வைத்து மண்ணைச் சோதித்து வருகிறார்கள். பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, அதன் நிழல் பயிர்மேல் விழக் கூடாதென்று கட்டிடத்தையே நிலத்துக்கு அடியில் கட்டினார்கள், 1969-ல். வேலைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் நடப்பேன். பார்க்கும்போதெல்லாம் நம் புஞ்சைதான் கண்ணில் நிற்கும்.

பெயின்ட் விஷயத்தில் எனக்குத் திடமான எண்ணம் உண்டு. இங்கே பலர் பழைய கருவியைப் பிரித்து, கண்ணாடி போலப் பெயின்ட் அடித்து, கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நல்ல கைவேலைதான், குறை சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம். சட்டத்துக்கு மட்டும் துருத்தடுப்பு ஒரு பூச்சு, மேலே மஞ்சள் ஒரு பூச்சு. சட்டத்தில் பழைய உரசல், நெளிவு எதையும் நிரப்பவில்லை. சட்டிகளுக்குப் பெயின்ட்டே இல்லை, முதல் சாலிலேயே போய்விடும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது மட்டும் கவனமாக இருந்தேன். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், இந்த நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 1978-ல்தான் தடுத்தார்கள். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன், தூசி பறக்கவிடவில்லை. நீயும் முகத்தில் துணி கட்டிக்கொள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதே, நெருப்பு வைத்து மட்டும் எரிக்காதே.

ஓரம் தீட்டியதும் கொஞ்சம்தான். புடைத்த பக்கத்தில் கிரைண்டரைப் படுக்கவைத்து, அடிக்கடி தண்ணீர் தொட்டு ஆற்றிக்கொண்டே ஓட்டினேன். கத்திமுனை தேவையில்லை, கல்லில் பட்டால் அது உடனே மடங்கும். மொண்ணை போனால் போதும்.

போன வாரம் மண் கொஞ்சம் காய்ந்தது, இறக்கிப் பார்த்தோம். வரிசைகளை நேராக வைத்தால் சட்டிகள் மேலாக உருண்டுகொண்டு போகின்றன, மண்ணைக் கீறுகின்றன, அவ்வளவுதான். கோணத்தைக் கூட்டினால் கடிக்கின்றன. கோணம், கனம், கூர்மை, மூன்றும் சேர்ந்தால்தான் சட்டி இறங்கும். கனத்துக்காக மேலே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள், அதில் மணல்மூட்டைகளைக் கட்டிவைத்தேன். இரண்டு வரிசையும் வெளியே தள்ளுவதால் நடுவில் ஒரு பட்டை உழாமல் நிற்கும், அடுத்த சாலைப் பாதி மேலேறி ஓட்டினால் சரியாகிவிடும். கட்டிகள் உடைந்து விழுகிற சத்தம் இருக்கிறதே! வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர்தான். உறைபனி பயம் விலகியதும் மே மாதம் வெண்டை, கத்தரி, கொத்தவரை போடுவோம். சால் முடித்ததும் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன், புதிதாகக் கோத்த சட்டி முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும்.

கனம் என்றதும் கேட்டுக்கொள்கிறேன். கலப்பை இறங்கவில்லை என்று மேலே ஆளை ஏற்றி நிற்கவைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இங்கேயும் அந்தக் காலத்தில் இருந்ததாம். நீ ஒருநாளும் செய்யாதே. ஒரு குலுக்கலில் கால் நழுவினால் விழுவது சட்டிக்கு முன்னால்தான். பையன் ஆசையாகக் கேட்டாலும் ஏற்றாதே.

சரி, அப்பாவுடையதற்கு வருகிறேன். அதில் ஒவ்வொரு சட்டிக்கும் தனிக் குடம், உள்ளே கூம்பு உருளை பேரிங். டிராக்டரில் மாட்டித் தூக்கி, அடியில் கனமான கட்டைகளைக் கொடுத்து நிறுத்து. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கைவைக்காதே. ஒவ்வொரு சட்டியையும் கையால் சுழற்று. மழமழவென்று ஓடினால் ஒன்றும் செய்ய வேண்டாம், கிரீஸ் மாற்று. கரகரவென்றால் பேரிங்கைத் திறந்து பார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்கிறதா? பாதி நேரம் அது பேரிங் தேய்ந்ததாக இருக்காது, நட்டு தளர்ந்ததாக இருக்கும், இறுக்கிப் பார். உருளைகளில் குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்று. வளையத்தின் மேல் எண் பொறித்திருக்கும், துடைத்து எழுதிக்கொண்டு போனால் மதுரையில் எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். பின்னால் சால் ஓரத்தில் ஓடுகிற அந்த ஒற்றைச் சக்கரத்தின் பேரிங்கையும் மறக்காதே. பக்கவாட்டுத் தள்ளலை எல்லாம் தாங்குவது அதுதான். அது ஆடினால் கலப்பை கோணிக்கொண்டு போகும், நாம் சட்டியைத் திட்டுவோம். மண் வழிக்கும் தகடுகள் சட்டியைத் தொடாமல் ஒட்டி நிற்க வேண்டும். கோடை உழவில் சரியாக இறங்கவில்லை என்று போன வருஷம் நீ சொன்னாய் அல்லவா? சட்டியின் சாய்வைக் கொஞ்சம் குறைத்து நிமிர்த்திப் பார், ஆழம் கிடைக்கும்.

ரோட்டாவேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நீ கேட்பாய் என்று தெரியும். ரோட்டாவேட்டர் மேல் மண்ணைத்தான் தூளாக்கும். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் கரிசலை ஆழமாகப் புரட்டிப் போட்டு, கோரையையும் அறுகையும் வேரோடு வெயிலில் காயவிடுவதற்குச் சட்டிக்கலப்பைதான். அதை வாடகைக்குப் பிடிக்க நீ வருஷா வருஷம் கொடுக்கிற பணத்தைக் கணக்குப் போட்டுப் பார். எடைக்குப் போட்டால் ஒரு தடவைதான் காசு.

நாளைக் காலையிலேயே இதைச் செய். ஒவ்வொரு சட்டியின் குறுக்களவையும் நாடாவில் எடு. புதிதில் 26 இருந்தது, இப்போது எவ்வளவு என்று பார்த்தால் எவ்வளவு தேய்ந்தது என்பது தெரிந்துவிடும். ஆட்டம் எது எதில் என்று குறித்துக்கொள். குடத்தைத் திறந்ததும் பேரிங் எண்ணைப் படமெடுத்து அனுப்பு. பேரிங், சீல், லேத் கூலி எதுவானாலும் பணம் நான் அனுப்புகிறேன், அதை மறுக்காதே. காயலான் கடைக்காரரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். கிணற்றடியில் கிடக்கிற உடைந்த பம்பையும், மொட்டைமாடித் தகரத்தையும் கொடு, அவை எதற்கும் ஆகாதவை.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது. மாத்திரையை நிறுத்திவிட்டாளா என்று நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள், நீ டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்.

அன்புடன்,
அக்கா